பாஸ்போலிப்பிடோசிஸ்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

மருந்தால ஈரல் செல்லுக்குள்ள கொழுப்பு சேருதுன்னு சொன்னா உடனே ஃபேட்டி லிவர்னு முடிவு பண்ணிடறாங்க. அது பாதிதான் சரி, ஏன்னா இதுல ரெண்டு வேற வேற சங்கதி இருக்கு.

ஒண்ணு ஸ்டியட்டோசிஸ். கிரேக்கத்துல ஸ்டியார்னா கெட்டியான மிருகக் கொழுப்பு, ஓசிஸ்னா ஒரு நிலை, பெரும்பாலும் நோய் நிலை. இங்க சேர்றது ட்ரைகிளிசரைடு, அதாவது சாதாரணக் கொழுப்பு, துளித் துளியா. வால்ப்ராயேட் (வலிப்புக்குக் குடுக்கிறது) மாதிரி மருந்து, செல்லுக்கு சக்தி எடுத்துக் குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரிக்கிறதைத் தடுக்குது, எரியாதது துளியா தங்கிடுது. இதுக்கு கொழுப்பேற்றம்னு சொன்னாலே போதும்.

இன்னொண்ணுதான் பாஸ்போலிப்பிடோசிஸ். ஃபாஸ்னா ஒளி, ஃபோரஸ்னா சுமக்கிறது, இருட்டுல மினுங்கினதால பாஸ்பரஸுக்கு வந்த பேர் அது, லிப்போஸ்னா கொழுப்பு. பாஸ்போலிப்பிடுதான் செல்லோட சவ்வுக்கே அடிப்படை சரக்கு. அமியோடரோன் (இதயத் துடிப்புக் கோளாறுக்கு), குளோரோகுயின் (மலேரியாவுக்கு) மாதிரி மருந்துகளுக்கு ஒரு பக்கம் கொழுப்புல ஒட்டும், இன்னொரு பக்கம் பாசிட்டிவ் சார்ஜ் ஏத்துக்கிற அமீன்ங்கற நைட்ரஜன் பகுதி, சார்ஜ் இல்லாத நிலையில சவ்வைத் தாண்டி, செல்லுக்குள்ள இருக்கிற லைசோசோம்ங்கற குட்டிப் பைக்குள்ள நுழைஞ்சிடும், உள்ள pH 4.5-5 அளவுல அமிலமா இருக்கிறதால சார்ஜ் ஏறிடும், அப்புறம் வெளிய வரவே முடியாது. லைசோசோம்தான் பழைய சவ்வைச் சிதைக்கிற இடம், சிதைக்கிற ஃபாஸ்போலைபேஸ் நொதியையே இந்த மருந்து முடக்கிடுது. சிதையாத சவ்வெல்லாம் சுருண்டு சுருண்டு சேர்ந்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பாத்தா வெட்டின வெங்காயம் மாதிரி வளையம் வளையமா தெரியும். சாதாரண மைக்ரோஸ்கோப்புல இந்த வளையம் தெரியாது, செல் நுரைச்ச மாதிரி இருக்கும், கொழுப்புத் துளின்னு தப்பா எடுத்துக்க வாய்ப்பு உண்டு.

தமிழ்ல? லிப்பிடுக்கு கொழுமியம்னு ஒரு சொல் இருக்கு, ஆனா பாஸ்போவைப் பெயர்க்கப் போனா வாயில நுழையாது, அதை அப்படியே விட்டுடலாம். என் ஓட்டு பாஸ்போலிப்பிடுத் தேக்கத்துக்குத்தான். புதுசா நிறைய உண்டாகறதை விட, வெளியேற வேண்டியது நின்னுபோறதுதான் இங்க விஷயம், ஓசிஸ் அதைச் சொல்லல, தேக்கம் சொல்லுது (ஏற்றம்னு போட்டா முதல் சங்கதியோட குழம்பிடும்).

தேக்கம் இருந்தாலே ஈரல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, பல நேரம் மருந்தை நிறுத்தினா மெல்ல கரைஞ்சிடும். அமியோடரோன் மட்டும் கொஞ்சம் வம்பு, ரெண்டு சங்கதியையும் சேர்த்தே பண்ணும், நிறுத்தின பிறகும் உடம்பை விட்டுப் போக மாசக்கணக்காகும்.