விண்ணோடி: ஜிம் லோவலை ‘வீரர்’ என்று எழுதாதீர்கள்

2025 ஆகஸ்ட் 7 அன்று, அப்பல்லோ 13 நிலவுப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கர் ஜிம் லோவல் தம் 97ஆம் வயதில் காலமானார். அடுத்த இரண்டு நாட்கள் அவரைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ‘விண்வெளி வீரர்’ எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு தொலைக்காட்சியில் அவர் ‘மாவீரர்’ ஆனார். ஒரு கட்டுரை முதல் பத்தியில் ‘விண்வெளி வீரர்’ என்றது, மூன்றாம் பத்தியில் ‘விண்வெளிப் பயணி’ என்றது, முடிக்கும்போது ‘தளபதி’ என்றது. எழுதியவருக்கு இந்த மூன்றும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்கிற சொற்களாகத் தெரிந்திருக்கின்றன. என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. லோவல் வாழ்நாளெல்லாம் செய்த வேலையை அந்த மூன்று சொற்களுமே மறைக்கின்றன.

முதலில் மூலச்சொல். ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரோநாட்’. கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரோன்’ என்றால் விண்மீன். ‘நௌடேஸ்’ என்றால் மாலுமி. பலூனில் பறந்தவர்களை ‘ஏரோநாட்’ என்று சொல்லும் வழக்கம் முன்பே இருந்தது. அதே அச்சில் வார்த்த சொல் இது. 1959 ஏப்ரலில் நாசா தன் முதல் ஏழு பேரை உலகுக்கு அறிமுகம் செய்தபோது இந்தப் பெயரோடுதான் செய்தது. ரஷ்யர்கள் முன்பாதியை மட்டும் மாற்றி, அண்டம் என்று பொருள்படும் ‘காஸ்மோஸ்’ஐ வைத்து ‘காஸ்மோநாட்’ என்றார்கள். இரண்டிலும் பின்பாதியில் உட்கார்ந்திருப்பவர் மாலுமி. (நௌடேஸ் நம் ‘நாவாய்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று சிலர் எழுதுகிறார்கள். ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது. தமிழுக்கு அந்த மாதிரிப் பெருமை தேவையும் இல்லை.)

சரி, மாலுமிக்குத் தமிழில் என்ன சொல்? மீகாமன் உண்டு, கடலோடி உண்டு. மீகாமன் கலத்தைச் செலுத்துகிற ஒருவருக்கு உரியது. கடலோடி, கடலைத் தொழிலிடமாகக் கொண்ட எல்லோருக்கும் உரியது. ‘கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்று குறள் (496) சொல்கிறது. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பதைச் சின்ன வயதில் ஒப்பிக்காத தமிழர் குறைவு. கலத்தில் ஏறி நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு நம் மொழியில் ‘ஓடுதல்’ என்றுதான் பெயர். கடலில் ஓடுபவர் கடலோடி என்றால் விண்ணில் ஓடுபவர் விண்ணோடி. இது என் கண்டுபிடிப்பு அல்ல. சிலர் ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். ஆனால் அடைப்புக்குறிக்குள் ‘விண்வெளி வீரர்’ என்றும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த அடைப்புக்குறிதான் எனக்கு வருத்தம்.

‘வீரம்’ எந்த மொழிச் சொல் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. என் குறை பொருளில் இருக்கிறது. வீரர் என்றதும் எதிரில் ஒரு பகை வந்து நிற்கிறது. படைவீரருக்கு எதிரிப் படை, மாடுபிடி வீரருக்குக் காளை, தீயணைப்பு வீரருக்கு நெருப்பு, கிரிக்கெட் வீரருக்கு எதிரணி. விண்வெளி வீரருக்கு யார் எதிரி? விண்வெளியா? கடலை எதிரியாக நினைக்கிற மாலுமி கரை சேர மாட்டார். கடலைப் படிக்கத் தெரிந்தவர்தான் சேர்வார்.

லோவலை எடுத்துக்கொள்வோம். அவர் அமெரிக்கக் கடற்படை அகாதெமியில் படித்து 1952இல் வெளியே வந்தவர். விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து இரவில் பறந்து இரவிலேயே கப்பலில் இறங்கும் வேலை. ஜப்பானை ஒட்டிய கடலில் ஓர் இரவு, வழிகாட்டும் வானொலிச் சமிக்ஞை தவறானது என்று தெரிந்துகொள்வதற்குள் வெகுதூரம் போய்விட்டார். குறிப்பைப் படிக்கத் தாமே செய்து வைத்திருந்த சிறு விளக்கைச் செருகினார். மின்கசிவாகி விமானி அறையின் விளக்குகள் மொத்தமும் அணைந்துவிட்டன. அந்தக் கும்மிருட்டில் கீழே பார்த்தபோது கடலில் மெல்லிய பச்சை ஒளிக்கோடு ஒன்று தெரிந்தது. கப்பலின் சுழலி கலக்கிவிட்ட நீரில் நுண்ணுயிர்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்க் கப்பலைக் கண்டார். அவரே பேட்டியில் சொன்ன கதை இது. விளக்கு அணையாமல் இருந்திருந்தால் அந்த ஒளி கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்றும் சொல்வார். இதைச் செய்தவரை என்ன பெயரிட்டு அழைப்பது? நீரின் குறிப்பறிந்து வழி கண்டவர். கடலோடி.

1962இல் நாசாவின் இரண்டாம் குழுவில் ஒன்பது பேரில் ஒருவராகச் சேர்ந்தார். ஜெமினி 7, ஜெமினி 12 பயணங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, 1968 டிசம்பருக்கு நேராக வருகிறேன். அப்பல்லோ 8 பூமியின் சுற்றுப்பாதையை விட்டு மனிதர்கள் நிலவுக்குப் போன முதல் பயணம். போர்மன், லோவல், ஆண்டர்ஸ் மூவர். வழி பார்ப்பது லோவலின் பொறுப்பு. எதை வைத்துப் பார்த்தார் தெரியுமா? செக்ஸ்டன்ட். மாலுமிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையாண்ட அதே கருவியின் வழிவந்தது, கலத்தின் சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. விண்மீனுக்கும் பூமி அல்லது நிலவின் விளிம்புக்கும் உள்ள கோணத்தை அளந்து, கலம் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். அப்பல்லோவின் பட்டியலில் வழிகாட்டி விண்மீன்கள் 37. நாம் சித்திரை, சுவாதி, மகம், ரோகிணி, கேட்டை, திருவோணம் என்று பெயரிட்டு அழைக்கிற மீன்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ‘விண்மீன் மாலுமி’ என்று கிரேக்க வேர்கள் சொல்வது உவமையாக அல்ல, அப்படியே எழுத்துக்கு எழுத்து நடந்த வேலை.

திரும்பும் வழியில் அவர் ஒரு பிழையும் செய்தார். விண்மீன் எண்ணை உள்ளிட வேண்டிய இடத்தில் நிரல் எண்ணை அழுத்திவிட்டார். கணினி, கலம் இன்னும் ஏவுதளத்தில் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு, திசைக் கணக்கை அழித்துவிட்டது. லோவல் பதறாமல் ரைஜல், சிரியஸ் இரண்டு மீன்களையும் தேடிப் பிடித்துத் திசையை மறுபடி அமைத்தார். இந்தச் செய்தி தமிழ் அஞ்சலிகளில் எங்கும் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால், ‘வீரர்’ என்ற சொல்லுக்குள் அதற்கு இடமில்லை. வீரர் தவறிழைத்தால் அது களங்கம். மாலுமி திசை தவறினால் வானத்தைப் பார்த்துச் சரிசெய்வது அவருடைய அன்றாடம்.

பதினாறு மாதம் கழித்து அந்தப் பாடம் உயிரைக் காத்தது. 1970 ஏப்ரல் 13, பூமியிலிருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தொலைவில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் கலன் வெடித்தது. தாய்க்கலமான ‘ஒடிசி’ மின்சாரத்தை இழந்துகொண்டிருக்க, அதில் போன லோவல், ஸ்வைகர்ட், ஹெய்ஸ் மூவரும் நிலவில் இறங்குவதற்கென்று கொண்டுபோன ‘அக்வேரியஸ்’ கலத்தைக் காப்புப் படகாக்கிக்கொண்டார்கள். தாய்க்கலத்தின் கணினியை அணைப்பதற்குள் அதன் திசைக் கோணங்களை அக்வேரியஸுக்கு மாற்ற வேண்டும். லோவல் காகிதத்தில் கூட்டிக் கழித்தார். தம் கணக்கு சரிதானா என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தையும் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் சிதறல்கள் மினுங்கியதில் எது விண்மீன், எது குப்பை என்று பிரித்தறிய முடியவில்லை. சூரியனை வைத்துத் திசையைச் சரிபார்த்தார்கள். பிறகு ஒரு திருத்தத்துக்கு, ஜன்னல் வழியே பூமியின் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டைக் குறியாகப் பிடித்தார்கள். லோவலும் ஹெய்சும் கலத்தை அசையாமல் நிறுத்த, ஸ்வைகர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து 14 விநாடிகளை எண்ணினார். ஏப்ரல் 17 அன்று தென் பசிபிக்கில் வந்து விழுந்தார்கள்.

இதைத் தமிழில் ‘மன உறுதியாலும் துணிச்சலாலும் உயிர் தப்பினார்கள்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்ததைப் படித்தேன். துணிச்சல் இல்லாமலில்லை. ஆனால் கழித்தல் கணக்கு எங்கே போனது? பகலிரவுக் கோடு எங்கே போனது? தலைப்பிலேயே ‘வீரர்’ வந்துவிட்டால் உள்ளே எழுதுகிறவரின் கை தானாகத் துணிச்சலுக்குப் போய்விடுகிறது. ஒரு சொல் செய்கிற கேடு இது. பள்ளிப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, விண்வெளிக்குப் போக நெஞ்சுரம் போதும் என்று நினைப்பார்கள். கோணம் அளக்கவும் தெரிய வேண்டும் என்று எப்போது சொல்லப் போகிறோம்?

அப்புறம், ‘வீராங்கனை’ என்ற தொல்லை வேறு. ஆணுக்கு வீரர், பெண்ணுக்கு வீராங்கனை. விண்ணுக்குப் போன முதல் பெண்ணான தெரெஷ்கோவா 1963இல் தனியாக 48 முறை பூமியைச் சுற்றி வந்தார். அவர் நெசவாலையில் வேலை பார்த்தவர், பாராசூட்டில் குதிக்கப் பழகியவர், படையில் சண்டை போட்டவர் அல்ல. அவருக்கு ஒரு சொல், ககாரினுக்கு ஒரு சொல் எதற்கு? விண்ணோடி இருவருக்கும் பொதுவாக நிற்கிறது.

‘விண்வெளிப் பயணி’ என்பதை ஆதரிப்பவர்கள், வீரரின் குறையை உணர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் இந்தியின் ‘யாத்ரி’யைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே யாத்ரி என்றால் யாத்திரை போகிறவர் என்ற மணமும் இருக்கலாம். தமிழில் பயணி என்றால் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’தான். சீட்டு எடுத்து உட்கார்பவர், ஓட்டுவது வேறு யாரோ. 2001இல் டென்னிஸ் டிட்டோ பணம் கட்டிப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்தார். அவரை விண்வெளிப் பயணி என்று தாராளமாகச் சொல்லலாம். அவருக்கென்றே அந்தச் சொல்லை வைத்திருக்க வேண்டும். லோவலுக்கும் அதையே கொடுத்தால் இருவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் சொல்ல வழியில்லாமல் போகும்.

விண்ணோடி என்றால் ஓடிப்போனவர் மாதிரி ஒலிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நாடோடி அவர் மனத்தில் இருந்திருக்கிறது. முன்னோடியும் அதே ‘ஓடி’தான் என்றேன். முன்னோடியை யாரும் இழிவாக நினைப்பதில்லை. இன்னொருவர் ‘விண்ணோட்டி’ என்று வைக்கலாமே என்றார். கூடாது. ஓட்டுவது கலத்தை, ஓடுவது பரப்பில். ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்று புறநானூறு (66) பாடும்போது ஓட்டப்படுவது நாவாய், கடல் அல்ல. கலத்தை ஓட்டுபவர் கலமோட்டி, கடலில் ஓடுபவர் கடலோடி. தமிழ் இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது, நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

கலத்தின் ‘பைலட்’டை ‘விமானி’ என்று எழுதுவதும் இதே அலட்சியம். அங்கே விமானம் எது? ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றில் (27) இருக்கிறது: செலுத்துபவர் இல்லாத வான ஊர்தி. ஊர்தியைச் செலுத்துபவர் வலவர் என்றால் விண்கலத்தைச் செலுத்துபவரும் வலவர்தான். ‘கமாண்டர்’ தளபதி அல்ல, கலத்தலைவர். படை நடத்தப் போகாதவர்களுக்குத் தளபதி எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தைப் பார்க்காமல் ‘அப்பல்லோ 13’ திரைப்படத்தைப் பார்த்து எழுதுவதையும் சொல்லியாக வேண்டும். ‘ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு பிரச்சினை’ என்று லோவல் சொன்னதாக எல்லா அஞ்சலியிலும் இருந்தது. முதலில் சொன்னவர் ஸ்வைகர்ட். திரும்பக் கேட்டபோது லோவல் சொன்னார். இருவருமே நடந்து முடிந்ததைத் தெரிவிக்கும் காலத்தில்தான் சொன்னார்கள். நிகழ்காலத்துக்கு மாற்றியது படம். ‘ஹூஸ்டன், இங்கே ஒரு சிக்கல் நேர்ந்திருக்கிறது’ என்று எழுதினால் மூலமும் கெடாது, தமிழும் இயல்பாக இருக்கும். ஒலிப்பதிவு எல்லோருக்கும் கிடைக்கிறது. கேட்க அரை நிமிடம் ஆகும்.

அப்பல்லோ 8இலிருந்து பார்த்தபோது அமைதிக் கடலின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு மலை தெரிந்தது. லோவல் அதற்குத் தம் மனைவி மேரிலின் பெயரை வைத்தார். மாலுமிகள் கரையோரக் குன்றுக்குப் பெயரிட்டு அதையே அடையாளமாக வைத்துக்கொள்வார்கள் அல்லவா, அதே பழக்கம். அடுத்த ஆண்டு அப்பல்லோ 11 இறங்கும்போது அந்த மலை வழிக்குறியாக உதவியது. 2017இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. நான்கு முறை போய், 715 மணி நேரம் விண்ணில் இருந்து, இரண்டு முறை நிலவை நெருங்கியும் அதில் கால்வைக்காத மனிதர். அவர் விட்டுச்சென்றது கொடி அல்ல, பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போக ஒரு மலைப்பெயர்.

அந்த அஞ்சலிச் செய்தி இப்படி இருந்திருக்கலாம்: ‘விண்ணோடி ஜிம் லோவல் காலமானார். அப்பல்லோ 8இல் வழி கண்டவர், அப்பல்லோ 13இன் கலத்தலைவர். வயது 97.’