எக்ஸெல் தாளில் வாட்டர்மார்க்: படம் எந்த அடுக்கில் உட்காருகிறது?

வாட்டர்மார்க் என்பது பக்கத்தின் எழுத்துக்குப் பின்னால் வெளிறித் தெரியும் படம் அல்லது சொல். வேர்டில் டிசைன் தாவலைத் திறந்தால் வாட்டர்மார்க் என்றே ஒரு பொத்தான் இருக்கும். எக்ஸெலில் எந்தத் தாவலைத் துழாவினாலும் அது கிடைக்காது. காரணம் எளிது: எக்ஸெல் தாளுக்குப் பக்கம் என்று ஒன்று இல்லை. 16,384 நெடுவரிசைகளும் 10,48,576 வரிசைகளும் கொண்ட ஒரே பரப்பு அது. அச்சுக்குப் போகும்போதுதான் ஏ4 அளவுக்கு வெட்டப்பட்டுப் பக்கங்கள் பிறக்கின்றன. வாட்டர்மார்க் ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டுமென்றால், பக்கத்துக்குச் சொந்தமான ஏதாவது ஒன்றில் அதைத் தொங்கவிட வேண்டும். எக்ஸெலில் அப்படி இருப்பவை, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலிலும் திரும்பத் திரும்ப அச்சாகும் ஹெடரும் ஃபுட்டரும்தான். வேர்டின் பொத்தான்கூட உள்ளுக்குள் செய்வது இதையேதான். ஹெடரில் ஓர் உருவத்தைக் கட்டிவிடுகிறது.

இது தெரியாதவர்கள் முதலில் விழும் பள்ளம், பேஜ் லேஅவுட் தாவலில் இருக்கும் பேக்ரவுண்ட் பொத்தான். படத்தைக் கொடுத்ததும் தாள் முழுக்க ஓடு பதித்ததுபோல் வரிசையாக வந்துவிடும், பார்க்க நன்றாகவும் இருக்கும். அச்சிட்டால் வெறும் தாள் வரும். அது திரைக்கு மட்டுமான அலங்காரம். இன்னொரு குழப்பம், தாளின் நடுவே சாம்பல் நிறத்தில் பெரிதாகத் தெரியும் ‘பேஜ் 1’. யாரோ வைத்துவிட்டுப் போன வாட்டர்மார்க் என்று நினைத்து அதை அழிக்கப் பாடுபடுகிறவர்கள் நிறைய. அது பேஜ் பிரேக் ப்ரிவியூ காட்சியின் அடையாளம். வியூ தாவலில் நார்மலை அழுத்தினால் போய்விடும்.

அச்சிலும் வரும் வழிக்கு முதலில் படம் தயாராக வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் முறை, சிறிய லோகோவை ஹெடரில் போட்டு, அதற்கு முன்னால் என்டரைப் பலமுறை தட்டிப் பக்கத்தின் நடுவுக்கு இறக்குவது. வேலை செய்யும், ஆனால் எத்தனை என்டர் என்பது எழுத்தளவைப் பொறுத்தது, ஒவ்வொரு தாளிலும் தடவித் தடவிச் சரிசெய்ய வேண்டும். கிட்டத்தட்ட முழுப்பக்க அளவில் ஒரே படம் செய்து, அதற்குள்ளேயே லோகோவையோ சாய்ந்த ‘மாதிரி’ என்ற சொல்லையோ நடுவில் வைத்துவிடுவது மேல். எக்ஸெலின் இயல்பான ஹெடர் இடைவெளி 0.3 அங்குலம், அதாவது மேல்விளிம்பிலிருந்து சுமார் 7.6 மில்லிமீட்டர் தள்ளிப் படம் தொடங்கும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். எனவே 190-க்கு 270 மில்லிமீட்டர் அளவு வசதியாகப் பொருந்தும். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று கணக்கிட்டால் 1122-க்கு 1594 பிக்சல். பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும்போது அந்த 150 என்ற எண்ணும் சேர்ந்து பதிவாக வேண்டும்; இல்லாவிட்டால் செருகும்போது அளவு மாறிவிடும், கையால் திருத்த நேரும். தாளைக் குறுக்குவாட்டில் அச்சிடுகிறவர்கள் அதற்கென்று தனிப் படம் செய்துகொள்ள வேண்டும்.

செருகுவதற்கு இன்சர்ட் தாவலில் ஹெடர் & ஃபுட்டரை அழுத்தச் சொல்வார்கள். அது பேஜ் லேஅவுட் காட்சிக்கு மாற்றிவிடும். அந்தக் காட்சியும் ஃப்ரீஸ் பேன்ஸும் ஒத்துப்போகாது, உறைய வைத்த தலைப்பு வரிசை அவிழ்ந்துவிடும். அதனால் பேஜ் லேஅவுட் தாவலில் பேஜ் செட்டப் பகுதியின் மூலையில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி, ஹெடர்/ஃபுட்டர், கஸ்டம் ஹெடர் என்று போவதே நல்லது. நடுப்பெட்டியைச் சொடுக்கி, படச் சின்னத்தை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் படம் தெரியாது. ஆம்பர்சாண்ட் குறியோடு சதுர அடைப்புக்குள் பிக்சர் என்ற சொல் மட்டும் நிற்கும். கர்சர் அங்கே இருக்கும்போதே பக்கத்துச் சின்னத்தில் ஃபார்மட் பிக்சரைத் திறந்தால், சைஸ் பகுதியில் அளவையும், பிக்சர் பகுதியில் கலரை வாஷவுட் (படத்தை வெளிறவைக்கும் தேர்வு) என்றும் மாற்றலாம். நார்மல் காட்சியில் எதுவும் தெரியாது. அச்சு முன்தோற்றத்தில் பாருங்கள்.

வாஷவுட் செய்யும் வேலை ஒரு சின்னக் கணக்கு. ஒளிர்வு 85 சதவீதம், மாறுபாடு 15 சதவீதம் என்பது அதன் அளவு. ஒவ்வொரு புள்ளியின் நிறமதிப்பையும் 0.3 ஆல் பெருக்கி 0.7 கூட்டினால் விடை வந்துவிடும். முழுக்கருப்பு 0.7 ஆகிறது, அதாவது 30 சதவீதச் சாம்பல். வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். சிவப்பு இளஞ்சிவப்பாகும். ஏற்கெனவே வெளிர்மஞ்சளில் இருக்கும் லோகோ அநேகமாகக் காணாமல் போகும். கருப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறியில் 30 சதவீதச் சாம்பல் என்பது கரும்புள்ளிகளின் தூவலாகத்தான் விழும். அதன்மேல் 8 பாயின்ட் எண்கள் வந்தால் 3-ஆ 8-ஆ என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். அத்தகைய தாளுக்கு 10 முதல் 15 சதவீதச் சாம்பலில் படத்தை முன்பே வெளிறச் செய்து, வாஷவுட்டைத் தொடாமல் விடலாம்.

முன்பே வெளிறச் செய்வதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. கோப்பின் நகலுக்குப் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற உறையில் நீங்கள் செருகிய படம் கிடைக்கும். வாஷவுட் அந்தப் படத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு எண்களை, உருவங்களை விவரிக்கும் வேறொரு விஎம்எல் கோப்பில் எழுதிவைத்து, காட்டும்போது மட்டும் வெளிறவைக்கிறது. அலுவலக முத்திரையையோ கையொப்பத்தையோ வாட்டர்மார்க்காகப் போட்டால், அதன் பளிச்சென்ற மூலப்படத்தைக் கோப்போடு இனாமாகக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

அடிக்கடி வரும் புகார், வாட்டர்மார்க் துண்டு துண்டாகத் தெரிகிறது அல்லது அட்டவணைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது என்பது. எக்ஸெல் ஒரு பக்கத்தை வரையும் வரிசையைப் பார்த்தால் புரியும். ஹெடர் படம் அடியில் விழுகிறது. அதன்மேல் செல்களின் நிறம், அதற்கும் மேல் எண்களும் கோடுகளும், எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கும் உருவங்கள். செல்லுக்கு நிறம் கொடுத்திருந்தால் அந்த இடத்தில் படம் மறையும். வெள்ளையும் ஒரு நிறம்தான். கட்டக்கோடுகளை மறைக்கச் செல்களுக்கு வெள்ளை பூசும் வழக்கம் பலரிடம் உண்டு. அங்கே நோ ஃபில் கொடுத்துவிட்டு, கோடுகளை வியூ தாவலில் கிரிட்லைன்ஸ் டிக்கை எடுத்து மறையுங்கள். டேபிள் ஸ்டைலின் மாற்றுவண்ணப் பட்டைகளும், நிபந்தனைக்கேற்பச் செல்லுக்கு நிறம் பூசும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கும் இதே போலப் படத்தை மறைக்கும்.

முதல் பக்கத்தில் மட்டும் வரவில்லையென்றால் ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ டிக் ஆகியிருக்கும். முதல் பக்கத்துக்குத் தனி ஹெடர் இருப்பதால் அங்கும் படத்தைச் செருக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் அளவு வேறுபட்டால் ‘ஸ்கேல் வித் டாக்குமென்ட்’ டிக்கை எடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடக்கத் தாள் 60 சதவீதமாகச் சுருங்கும்போது ஹெடரும் கூடவே சுருங்குவதைத் தடுக்க அதுதான் வழி.

சாய்வு வேண்டாம், ‘வரைவு’ என்று ஒரு சொல் போதும் என்றால் படமே தேவையில்லை. ஹெடரின் நடுப்பெட்டியில் சில என்டர் தட்டி, நிர்மலா யூஐ எழுத்துருவில் 72 பாயின்ட் வெளிர்சாம்பலில் எழுதலாம். ஹெடருக்கு மொத்தம் 255 எழுத்துக்கள்தான், கண்ணுக்குத் தெரியாத வடிவக் குறிகளும் அதில் அடக்கம். சொல்லுக்குள் & வர வேண்டுமானால் இரண்டு முறை தட்ட வேண்டும், ஒன்றை எக்ஸெல் கட்டளையாக விழுங்கிவிடும். எண்ணில் தொடங்கும் வாசகமானால் முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள். இல்லையேல் 72-ஐ அடுத்து வரும் எண்ணையும் எழுத்தளவோடு சேர்த்துப் படித்துவிடும்.

திரையிலும் அச்சிலும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால், தாளின்மேல் மிதக்கும் அலங்கார எழுத்தான வேர்ட்ஆர்ட்தான் மிச்சம். 75 முதல் 80 சதவீத ஒளிபுகும் தன்மை கொடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் வரிசைகளை வடிகட்டும்போது நசுங்காது. ஆனால் அது செல்களுக்கு மேலே கிடக்கும் பொருள்: எண்ணைத் திருத்தப்போனால் கைக்குள் அதுவே வரும், பத்துப் பக்கத் தாளுக்குப் பத்துப் பிரதி ஒட்ட வேண்டும். ஓரிரு பக்க விலைப்பட்டியலுக்குச் சரி, பெரிய கணக்கேட்டுக்கு ஆகாது.

ஹெடரில் உள்ள குறியை அழித்தால் வாட்டர்மார்க் போய்விடும். புரொடெக்ட் ஷீட் அதைக் காப்பாற்றாது. திறக்கவே கூடாத கோப்புக்கு ஃபைல் தாவலின் இன்ஃபோ பகுதியில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டுதான் பூட்டு. வெளியாருக்கு எண்களைக் காட்டினால் மட்டும் போதும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

எக்ஸெலுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் பாதை வேறு. அதன் ஹெடரின் எழுத்துப் பெட்டியில் படத்தைச் செருக முடியாது, ஆகவே எக்ஸெலில் செய்த வாட்டர்மார்க் அங்கே திறந்து சேமித்தால் நிற்காமல் போகலாம். பதிலாக ஃபார்மட், பேஜ் ஸ்டைல், ஏரியா என்று போய்ப் படம் கொடுத்தால் அது அச்சிலேயே வரும். பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியிலும் வாட்டர்மார்க் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தட்டும் சொல் ஒவ்வொரு பக்கத்திலும் வெளிர்பச்சையில், செங்குத்தாக வந்து விழும்.