தரையில் கிடக்கும் குழந்தை சும்மா கிடப்பதில்லை

"எட்டு மாசமாச்சு, இன்னும் தவழல. வாக்கர்ல விட்டா மட்டும் வீடு பூரா ஓடுறா." மகளைத் தூக்கி வந்த ஒரு தாய் கவலையோடு சொன்னது இது. குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம் பார்க்கும் நான் இதை அடிக்கடி கேட்கிறேன்.

விரிப்பில் குப்புறப் படுக்கவைத்தேன். கழுத்து நன்றாக நின்றது. கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கினாள். சற்றுத் தள்ளி ஒரு சிவப்பு மூடியை வைத்தேன். கையை நீட்டினாள், எட்டவில்லை, சிணுங்கினாள். அதை எடுத்துக் கொடுக்க அம்மாவின் கை தானாக நீண்டது. "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். வயிறு தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மெல்லத் திரும்பியது. ஒரு முழங்கால் மடங்கியது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், விரல் நுனி மூடியில் பட்டது. மூடி நழுவி இன்னும் தள்ளிப் போனது. அவள் அழவில்லை. மறுபடி ஆரம்பித்தாள்.

பெற்றோர் இந்த இரண்டு நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது எவ்வளவு தூரம், கை எதுவரை போகும், எந்தப் பக்கம் சாய்ந்தால் விழாமல் இருக்கலாம் என்று கண்ணும் கையும் முதுகும் சேர்ந்து கணக்குப் பழகும் நேரம் அது.

இந்தக் கற்றல் மிகச் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். கரோலின் ரோவி-கோலியர் என்ற உளவியலாளர், தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையையும் குழந்தையின் காலையும் நாடாவால் இணைத்துப் பார்த்தார். உதைத்தால் பொம்மை ஆடும் என்பதைச் சில நிமிடங்களில் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. 3 மாதக் குழந்தைகளுக்கு அது ஒரு வாரம் கழித்தும் நினைவிருந்தது. (வீட்டில் நாடா கட்டிப் பார்க்காதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.)

கேரன் அடால்ஃப் என்ற இன்னொரு உளவியலாளரின் ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. உட்கார்ந்து நன்கு பழகிய, தவழ்வதற்குப் புதிய ஒன்பதரை மாதக் குழந்தைகளின் முன்னால் ஒரு பள்ளம், அதன் மறுபக்கம் ஒரு பொம்மை. உட்கார்ந்திருந்தபோது, எட்டாத அகலம் என்றால் அவை பெரும்பாலும் தயங்கி நின்றுவிட்டன. அதே குழந்தைகள் தவழ்ந்து வந்தபோது பள்ளத்துக்குள்ளேயே போயின. பக்கத்தில் இருந்தவர் தாங்கிப் பிடித்தார். உட்கார்ந்து கற்றது தவழும்போது கைகொடுக்கவில்லை! ஆகவே, 'கட்டில் விளிம்பு அவனுக்குத் தெரியும்' என்று நம்பிவிடாதீர்கள். போன வாரம் தெரிந்திருக்கலாம். இந்த வாரம் தவழ ஆரம்பித்திருந்தால் அவனுக்கு எல்லாமே புதுசு.

சரி, வாக்கருக்கு வருவோம். அதில் கால்விரல் நுனியால் தள்ளினாலே போதும், நகர்ந்துவிடலாம். உடம்பின் எடையைத் தாங்க வேண்டாம், சாய்ந்தால் சமாளிக்க வேண்டாம், முன்னாலிருக்கும் தட்டு மறைப்பதால் தன் காலைக்கூடப் பார்க்க முடியாது. நடையைக் கற்றுத்தராது என்பதோடு, படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தும் இருக்கிறது. கனடா 2004-இல் இதன் விற்பனைக்கே தடை போட்டது. உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இன்னும் நகரத் தொடங்காத குழந்தை, விழித்திருக்கும் நேரத்தில், நாள் முழுவதிலுமாகச் சேர்த்து 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

நேரம் குழந்தைக்குக் குழந்தை மாறும். தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதத்திலும் வரலாம். தவழாமலே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு. ஆனால் 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 4 மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, 9 மாதமாகியும் உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலும், வந்த திறமை ஏதாவது மறைந்தாலும் அப்படித்தான்.

அந்தத் தாய் மூன்று வாரம் கழித்து வந்தார். வாக்கரை எடுத்துவிட்டாராம். "இப்ப நகர்றா டாக்டர், ஆனா பின்னாடியே போறா. மூடி அங்க இருக்கு, இவ இங்க வந்துடுறா" என்றார். கை வலு முதலில் வருவதால் தள்ளும்போது உடம்பு பின்னால்தான் போகும், பல குழந்தைகள் அப்படித்தான் தொடங்குகின்றன என்றேன். மறுபடி விரிப்பை விரித்தோம்.