அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு ஜோடி ஸ்பீக்கரையும், அட்டைப் பெட்டியோடு ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கட்டைப் பையில் சுமந்துகொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தார். "தம்பி, பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது" என்றார். ட்வீட்டரை, அதாவது கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. மல்டிமீட்டரை வைத்தேன், இரண்டிலும் முள் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்திருந்தது. (8 ஓம் மின்தடை என்று போட்ட ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் மீட்டர் 6 ஓம் அளவில்தான் காட்டும். 8 காட்டவில்லையே என்று பதற வேண்டாம்.)

"பேரன் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் சத்தமாக வைத்தோம். ஆம்ப்ளிஃபயர் 600 வாட்ஸ், ஸ்பீக்கர் 60 வாட்ஸ்தான். தாங்கவில்லை போலிருக்கிறது."

என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் காரணம் இதுதான். பையின் அடியில் கிடந்த ஆம்ப்ளிஃபயரின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 36 வாட்ஸ். 36 வாட்ஸ் உள்ளே போகிற பெட்டியிலிருந்து 600 எப்படி வெளியே வரும்? அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது பி.எம்.பி.ஓ. கணக்கு, ஒரு கணம் எட்டும் உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் எண். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, அச்சடிப்பவர் மனம்போல் போட்டுக்கொள்ளலாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருந்தாலும் அது எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது என்று கேளுங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த எண்ணைப் பெருமையாகப் போடுகிறவர்களும் உண்டு. அந்த அளவில் பாட்டைக் காதால் கேட்க முடியாது.

இப்போது விற்கும் சின்ன கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் டிபிஏ3116 சிப்தான் இருக்கிறது. மோசமான சிப் இல்லை, நானே இரண்டு வைத்திருக்கிறேன். சேனலுக்கு, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு, 50 வாட்ஸ் என்று தயாரிப்பாளர் சொல்வது 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு. அதையே 12 வோல்ட்டில் ஓட்டினால் 4 ஓமுக்கு 18 வாட்ஸ், 8 ஓமுக்கு 9 வாட்ஸ். அதுவும் ஏட்டுக் கணக்கு, கைக்கு வருவது இன்னும் குறைவு. ஆசிரியருடைய ஸ்பீக்கர் 8 ஓம், அடாப்டர் 12 வோல்ட். ஆக, 600 என்று நம்பி அவர் வாங்கியது ஒன்பதுகூடத் தேறாத பெட்டி.

பிறகு ட்வீட்டர் ஏன் கருகியது? சக்தி போதாததால்தான். வால்யூமை முழுக்கத் திருகி, பேஸையும் (தாழ்ந்த ஒலியையும்) ஏற்றிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தன் வோல்ட்டேஜின் கூரையில் முட்டுகிறது. அலையின் தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில், பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்கள் முளைக்கின்றன. உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட் அவற்றையெல்லாம் ட்வீட்டருக்கே தள்ளிவிடும். ட்வீட்டரின் கம்பிச் சுருளில் இருப்பது தலைமுடி கனத்துக் கம்பி, சாதாரணப் பாட்டில் அதற்குப் போவது மிகச் சொற்பம். விடாமல் இரண்டு மணி நேரம் வெட்டுப்பட்ட அலையைக் கொடுத்தால் சின்ன ட்வீட்டர் எத்தனை நேரம் தாங்கும்? சத்தம் கரகரக்கத் தொடங்கியதும் வால்யூமைக் குறைத்திருந்தால் அந்தச் சுருள் பிழைத்திருக்கும்.

வீட்டு அறைக்கு உண்மையில் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கேட்டால், என் பதிலைக் கேட்டுப் பலர் முகம் சுருங்கும். ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு வரி இருக்கும். 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். மனிதர்கள் பேசிக்கொள்வதே 60 டெசிபல்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நிதானமாகக் கேட்க ஒரு வாட்கூடச் செலவாகாது. உச்சத்தில் வரும் தவில் அடிக்கு இடம் விட்டு, சுத்தமான 20 வாட்ஸ் இருந்தால் தாராளம். இன்னொரு கணக்கு: சென்சிடிவிட்டி 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கர் வாங்குவது, ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

அதனால்தான் கையில் 15,000 ரூபாய் இருந்தால் பத்தாயிரத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். கடையில் அதிரடிப் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள், அதில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் ஒரு ஆண் குரலின் வெறும் பேச்சைப் போடச் சொல்லுங்கள். பானைக்குள் இருந்து பேசுவது போல் இருந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். அடுத்தது மிருதங்கம். தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்காரம் வளைவது தெரிய வேண்டும். வெறும் "தொம்" என்று ஒரே சுருதியில் எல்லா அடியும் விழுந்தால் அது பெட்டியின் சத்தம், மிருதங்கத்தின் சத்தம் அல்ல. பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டினால் டப்பா போல் ஒலிக்கக் கூடாது. பழையது வாங்குவதானால் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் கடற்கரை ஈரத்தில் சில வருடங்களில் பொடிந்து உதிரும், ரப்பர் நிற்கும்.

மைக்செட் ஆம்ப்ளிஃபயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்புறம் 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும். அது வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஹார்ன்களுக்கானது. வீட்டு ஸ்பீக்கரை அதில் மாட்டினால் அன்றே என்னிடம் வருவீர்கள்.

ஒயருக்குப் பெரிய செலவு வேண்டாம், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். ஆனால் இரண்டு ஸ்பீக்கரிலும் பிளஸ் பிளஸோடுதான் சேர வேண்டும். ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போய்விடும். முனையில் குறியீடு அழிந்திருந்தால் டார்ச் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். கழற்றி மாட்டிய ஸ்பீக்கர் எதையும் நான் இப்படிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை.

ஆசிரியருக்கு ட்வீட்டர் இரண்டையும் மாற்றினேன். அவருடைய ஆம்ப்ளிஃபயர் போர்டு 24 வோல்ட் வரை தாங்கும் என்பதை உறுதிசெய்துகொண்டு, 19 வோல்ட் பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்றைப் பொருத்தினேன். ஏட்டில் 22 வாட்ஸ். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். போட்டுக் காட்டியபின் கேட்கவில்லை. 600 வாட்ஸ் அட்டைப் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார், அதில் இப்போது திருகாணி போட்டு வைத்திருக்கிறேன்.