இழுத்தால் அகலும் நூல்

பென்சில் பருமனுள்ள ரப்பர் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல், எளிதில் நீளாத மெல்லிய நைலான் நூலை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றி, இரு முனைகளிலும் ரப்பரோடு இறுகக் கட்டுங்கள். இனி மெல்ல இழுங்கள். முதலில் ரப்பர் சற்று மெலியும். மேலும் இழுத்தால் ஆட்டம் தலைகீழாகிவிடும். சுற்றியிருந்த நைலான் விறைத்து நேராகிறது. நேராக இருந்த ரப்பர் வேறு வழியின்றி நெளிந்து நைலானைச் சுற்றத் தொடங்குகிறது. கொடி கொம்பாகிவிட்டது, கொம்பு கொடியாகிவிட்டது. அந்த நெளிவையும் சேர்த்து அளந்தால் கயிற்றின் அகலம் முன்பைவிடக் கூடியிருக்கும்.

இதில் ஒரு சிறு தந்திரமும் இருக்கிறது. ரப்பர் தன்னளவில் மெலிந்துகொண்டேதான் வருகிறது. அகல்வது அது நெளிந்து பிடிக்கும் இடம். அதாவது, இது பொருளின் குணமல்ல, அமைப்பின் குணம்.

இழுத்தால் இளைப்பதுதான் பொருள்களின் பொது வழக்கம். குறுக்கே எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்பதை, நெடுக எத்தனை சதவீதம் நீள்கிறது என்பதால் வகுத்தால் வருவது பாய்சான் விகிதம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் பாய்சானின் பெயரால் வந்தது. எஃகுக்கு ஏறக்குறைய 0.3, ரப்பருக்குக் கிட்டத்தட்ட 0.5. கார்க்குக்கு அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கிறது. புட்டி வாயில் அமுக்கும்போது அது பக்கவாட்டில் புடைத்து மல்லுக்கட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். நம் கயிற்றுக்கோ விகிதம் எதிர்மறை எண். 1987இல் அமெரிக்காவின் ரோடெரிக் லேக்ஸ், சாதாரண பாலியூரித்தேன் நுரையை எல்லாப் பக்கமும் அமுக்கிச் சூடாக்கி ஆறவைத்து, அதன் அறைச்சுவர்களை உள்நோக்கி மடியவைத்தார். இழுத்தபோது மடிப்புகள் விரிந்தன, நுரை அகன்றது. இத்தகைய பொருள்களுக்கு 1991இல் பிரிட்டனின் கென் எவன்ஸ் ஆக்ஸெடிக் என்று பெயரிட்டார். ‘பெருகுவது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

நூலில் கிடைத்ததைத் துணியில் தக்கவைப்பதுதான் பெரும்பாடு. நெசவில் பக்கத்து நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அகலமாக வேண்டியது தடிமனாகப் போய்விடுகிறது. ஆகவே வலஞ்சுழியாகச் சுற்றிய நூலையும் இடஞ்சுழியாகச் சுற்றியதையும் ஜோடியாக வைக்கிறார்கள். இழுக்கும்போது இரண்டும் எதிரெதிராக நெளிய, நடுவில் துளைகள் திறக்கின்றன. குண்டுவெடிப்பில் ஜன்னல் கண்ணாடிச் சிதறலைப் பிடிக்கும் திரைச்சீலைக்கு இதே குணத்தை முயன்று பார்த்தார்கள்: அழுத்தக்காற்று துளை வழியே வெளியேறும், சில்லுகள் துணியில் சிக்கும்.

என்னைக் கேட்டால், பின்னல் துணியின் வழிதான் அழகு. பனியன் துணியை வெட்டினால் ஓரம் தானே சுருண்டுகொள்ளும். தையல்காரர்களுக்கு அது தலைவலி. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தலைவலியையே மூலதனமாக்கினார்கள். நற்பக்கக் கண்ணிகளையும் மறுபக்கக் கண்ணிகளையும் வளைந்து வளைந்து செல்லும் பட்டைகளாகப் பின்னினால், சுருளும் போக்கு எதிரெதிராக இழுபட்டு, இயந்திரத்தை விட்டு வரும் துணி காகித மடிப்புபோலத் தானே மடிந்து குறுகிவிடுகிறது. நெடுக இழுத்தால் மடிப்பு பிரியும். பிரியும்போது குறுக்கேயும் விரியும். சிறப்பு நூல் எதுவும் தேவையில்லை.

வளைக்கும்போதும் வித்தியாசம் தெரியும். சாதாரண நுரைப்பட்டையை வளைத்தால் குதிரைச் சேணம்போல இரு திசையில் முரண்டுபிடிக்கும். எதிர்மறை விகிதமுள்ளது கவிழ்த்த கிண்ணம்போல முழங்கால்மேல் படிந்து உட்காரும்.

எல்லை ஒன்று உண்டு. மடிப்புத் துணியில் தொடக்க இழுப்பு இலகுவாக இருக்கும். அகலும் குணம் தெரிவதும் அப்போதுதான். மடிப்பு முழுதும் பிரிந்தபின் நூலே சுமையைத் தாங்கும். துணி விறைக்கும், அகல்வது நிற்கும். அதற்கு மேலும் இழுத்தால் மற்றத் துணிகளைப் போலவே குறுகத் தொடங்கும்.