65 ஆண்டு ஞாபகம்

"அறுபது நெருங்குகிறது, நினைத்தாலே பயமாக இருக்கிறது. வயதாவதால் உடம்புக்கு ஒரு நன்மையாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வாழ்ந்து கழித்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு சொத்து, வந்துபோன கிருமிகளைப் பற்றிய ஞாபகம், உங்கள் நிணநீர் முடிச்சுகளிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிறது.

1846-இல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. தீவுகளில் இருந்ததே எட்டாயிரத்துக்கும் குறைவான மக்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் (Panum) என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். அங்கே அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது அம்மை கண்டு பிழைத்த 98 முதியவர்களை அவர் நேரில் பார்த்தார். ஒருவருக்கும் இம்முறை வரவில்லை. வயதானதால் தப்பினார்களா என்றால், அதுவும் இல்லை. 1781-இல் அம்மை வராமல் தப்பித்திருந்த முதியவர்கள் இப்போது மாட்டிக்கொண்டார்கள். நடுவில் 65 ஆண்டுகள் அந்தக் கிருமி எட்டிப்பார்க்கவே இல்லை. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை.

எப்படி? வெள்ளை அணு, ஆன்டிபாடி எல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதைத் தாண்டிவிடுவோம். எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் அதற்கு அடுத்தது. ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுவான பி செல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும். எந்தக் கிருமி வரும் என்று தெரியாததால், உடம்பு மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கோடிக்கணக்கான வடிவங்களை முன்கூட்டியே செய்துவைக்கிறது. இதைக் கண்டறிந்த சுசுமு தொனேகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி நுழைந்ததும், அதை ஓரளவுக்காவது பிடிக்கிற பி செல்கள் நிணநீர் முடிச்சுக்குள் பெருகுகின்றன. தொண்டைப்புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அப்போது உள்ளே நடப்பது இதுதான். பெருகும்போது அந்தச் செல்கள் ஆன்டிபாடிக்கான மரபணுப் பகுதியில் வேண்டுமென்றே பிழை விடுகின்றன, வழக்கமான வேகத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு அதிகமாக! பிழையால் பிடி தளர்ந்த செல் செத்துவிடும். பிடி இறுகிய செல் பிழைத்து மேலும் பெருகும். மறுபடி பிழை, மறுபடி தேர்வு. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு ஒரு நெறிக்கட்டுக்குள் சில வாரங்களில் நடந்து முடிகிறது.

காய்ச்சல் விட்டதும் பெரும்பாலான செல்கள் மடிந்துபோகும். தேறியவற்றில் சிலவற்றை உடம்பு விதைநெல்லைப் போல எடுத்து வைத்துக்கொள்கிறது. சில மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும். மற்றவை நினைவுச் செல்களாகக் காத்திருக்கும்.

1918 ஃப்ளூவைக் கண்டவர்களில் 91 முதல் 101 வயது வரையிலான 32 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. கிட்டத்தட்ட 90 ஆண்டுகளுக்குப் பிறகும் எல்லோருக்குமே அந்த வைரஸை அடையாளம் காணும் ஆன்டிபாடி இருந்தது. சிலருடைய செல்களிலிருந்து உருவாக்கிய ஆன்டிபாடிகள், 1918 வைரஸ் செலுத்தப்பட்ட எலிகளைக் காப்பாற்றவும் செய்தன. அடுத்த ஆண்டே பன்றிக் காய்ச்சல் வந்தபோது, இளையவர்களை விட முதியவர்களுக்குத் தொற்று குறைவாகவே இருந்தது. சிறுவயதில் வந்துபோன அதன் உறவுக்கார வைரஸ்கள் விட்டுச்சென்ற நினைவு கைகொடுத்தது.

சரி, இழப்பே இல்லையா? இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களான டி செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகச் சுருங்குகிறது. அதனால் புத்தம் புதிய கிருமியிடம் முதியவர்கள் தடுமாறுகிறார்கள், கொரோனாவில் பார்த்தோம். சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, காவல் தளரும்போது அக்கியாக வெளியே வருவதும் இதனால்தான். அக்கிக்குக் காவி குழைத்து எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மூன்று நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் நோய் அது. அந்த மூன்று நாளும் காவி காய்வதிலேயே போய்விடுகிறது, அப்புறம் நரம்பு வலி மாதக்கணக்கில் படுத்தலாம்.

தடுப்பூசி என்றாலே குழந்தைகளுக்கானது என்ற எண்ணமும் மாற வேண்டும். இளமையைத் திரும்பக் கொண்டுவரப் போவதாகச் சொல்லும் ஆராய்ச்சிகளுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கை முதியோர் தடுப்பூசிகளுக்குத் திருப்பினால் எத்தனையோ பேர் பயனடைவார்கள் என்பது என் கருத்து. கேள்வி கேட்ட வாசகருக்கு: ஃப்ளூ, நிமோனியா, அக்கி மூன்றுக்குமே தடுப்பூசி இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உங்களுக்கு எது தேவை என்று கேளுங்கள். அறுபதிலும் நினைவுச் செல்கள் புதிதாக உருவாகும்.