கைவிடல் அச்சம்: சொல் விளக்கம்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். கணவருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு, அங்கே பதினொன்றரை, போன் வராவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் வரிசையாகப் பத்து மெசேஜ் போகும். பத்தாவது, "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க." அனுப்பிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். "விட்டுட்டுப் போயிடுவாரோன்னு வயித்தைப் பிசையுதுடி" என்றார் ஒருநாள்.

இதைத்தான் உளவியலில் 'அபாண்டன்மென்ட் ஃபியர்' என்கிறார்கள். தமிழில் 'கைவிடல் அச்சம்' என்று சொல்லலாம். நெருங்கியவர் நம்மை உதறிவிடுவார் என்று, அதற்கான அறிகுறி இல்லாதபோதும் ஓயாமல் அஞ்சுவது. இது தனியாக ஒரு நோயின் பெயர் கிடையாது. சிறுவயதில் அழுதபோது ஒருநாள் தூக்கி, ஒருநாள் தூக்காமல் விட்டிருந்தால், பெரியவரான பிறகும் இந்தப் பயம் கூடவே வரலாம்.

அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ஆ பந்தோன்' என்றால் இன்னொருவர் ஆணைக்கு ஒப்புக்கொடுப்பது. தடையைக் குறிக்கும் 'பேன்' என்ற சொல்லும் அதே வேர்தான். பிறப்பில் அது அதிகாரச் சொல்.

நம் சொல்லில் இருப்பது கை. கைப்பிடித்தவர், கைகொடுத்தவர், கைகழுவியவர், கைவிட்டவர் என்று உறவு முழுவதையும் கையை வைத்தே சொல்லிவிடுகிறோம். நிலத்தை விற்றால்கூட இங்கே "கைவிட்டுப் போச்சு" என்பார்கள். ஆற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொன்றும் வாயில் வரும்: "நட்டாத்துல விட்டுட்டான்."

சிலர் 'பிரிவச்சம்' என்று எழுதுகிறார்கள். அதற்குப் பலமான ஆதாரம் உண்டு. 'பிரிவஞ்சும் புன்கண் உடைத்தால் புணர்வு' என்கிறது 1152ஆம் குறள். சேர்ந்திருக்கும்போதே பிரிவை எண்ணி வாடுகிறாள் அந்தக் குறளின் தலைவி. ஆனாலும் என் மனம் 'கைவிடல் அச்சம்' பக்கமே சாய்கிறது. பிரிந்து போனவர் திரும்பி வருவார், கைவிட்டவர் வரமாட்டார். அக்கா ஏர்போர்ட்டில் அழவே இல்லை. தூரம் அவரை வாட்டவில்லை, பதில் வராத அந்த அரைமணி நேரம்தான் வாட்டியது. குழந்தைகளிடம் காணும் 'செபரேஷன் ஆங்சைட்டி' என்பதற்குப் 'பிரிவுப் பதற்றம்' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. யார் யாரைக் கைவிடுவது என்ற சந்தேகம் எழும் இடத்தில் 'கைவிடப்படும் அச்சம்' என்று விரித்து எழுதலாம்.

சரி, சமாளிப்பதற்கு என்ன சொல்? சங்கப் பாட்டின் திணைக் கணக்கில் எங்கள் காவிரி டெல்டா மருத நிலம். மருதத்துக்கு உரியது ஊடல், அதாவது அன்புள்ளவர்களின் செல்லச் சண்டை. ஊடலும் ஒருவகையில் "நான் உனக்கு வேண்டுமா?" என்று கேட்பதுதான். ஆனால் அது உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று 1302ஆம் குறள் சொல்லியிருக்கிறது. "போன் பண்ணாதீங்க" என்பது உப்புக் கூடிய ஊடல். வருவார் என்று நம்பிப் பொறுத்திருப்பதற்கு முல்லைத் திணையில் 'இருத்தல்' என்று பெயர். அதை 'ஆற்றியிருத்தல்' என்றும் சொல்வார்கள். டபராவில் காபியை ஆற்றுகிறோம், அழுகிற பிள்ளையை ஆற்றுகிறோம். அதே வினைதான். ஆற்றாமல் குடித்தால் நாக்குச் சுடும்; இரண்டாவது மெசேஜுக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைக்கும் நேரமாவது வேண்டும்.

பயத்தைச் சண்டையாக மாற்றாமல், பயம் என்றே சொல்லிவிடுவது இதில் பெரிய உதவி. எந்த நேரம் பேசுவது, முடியாத நாளில் என்ன செய்வது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்வது இன்னொன்று. தூக்கமே போய், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு முற்றினால் ஆற்றியிருக்கச் சொல்லவே மாட்டேன். உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அக்காவும் கணவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஓவர்டைம் இருந்தால் அவர் 'டூட்டி' என்று ஒரு சொல் அனுப்பிவிடுவார். அப்புறம், அக்கா இப்போது அனுப்புவது ஒரே மெசேஜ்தான்: "பயமா இருக்கு. முடிஞ்சதும் பேசுங்க."